கிழிஞ்ச மேகம்

அந்தப் பண்ணைக்குக் காவல், வாத்துப் படை. ஒரு நாள் பெட்டைக்கோழி மூச்சிரைக்க வாத்துத் தளபதியிடம் ஓடி வந்தது.

"ஐயா, மேலே ஏதோ சத்தமில்லாம வட்டம் போடுது. அதோட நிழல் என் குஞ்சுங்க மேல விழுந்துச்சு!"

"அது மேகம்மா."

"மேகத்துக்கு வால் இருக்குமாங்க?"

"கிழிஞ்ச மேகமா இருக்கும்."

"காத்துக்கு எதிரா போகுதே?"

"வெயில்ல உனக்குக் கண்ணைக் கட்டுது. தண்ணி குடி. குஞ்சுங்களைத் தாராளமா மேயவிடு. ஆனா வெளியே மூச்சு விடாதே, வீணா பீதியாகும்."

கோழி தலையாட்டிவிட்டு நடந்தது. போகிற போக்கில் திரும்பிப் பார்த்தால், தளபதி தன் குஞ்சுகளை அவசரமாக வண்டிக்கு அடியில் விரட்டிக்கொண்டிருந்தார்.

கோழியும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே நுழைந்தது.

"ஏய், பொதுமக்கள் இங்கே வரக் கூடாது. பயிற்சி நடக்குது!"

"நடக்கட்டுங்க ஐயா," என்றது கோழி, கடைசிக் குஞ்சையும் உள்ளே தள்ளியபடி. "எங்களுக்குத்தான் பயிற்சியே பத்தலை."