சங்கிலி ஜெபத்தில் மூன்று முதல் நான்கு

தோளில் கை விழுந்தது.

வலது தோள். அழுத்தம் இல்லை. கொஞ்சம் சூடு.

அவள் கண்ணைத் திறக்காமலே மூச்சை விட்டாள். நான்கு மணி ஆகிவிட்டது. அடுத்த ஆள் வந்தாயிற்று.

சங்கிலி ஜெபத்துக்கு ஒரு முறை உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் பின்னால் வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது. தொட்ட பிறகு பேசக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது. தலை குனிந்தபடி பக்கக் கதவு வழியாக வெளியேற வேண்டும். நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து அந்தச் சிறிய ஜெப அறை ஒரு நொடியும் ஆளில்லாமல் இருந்ததில்லை.

எழுந்தாள். பாயின் கோடுகள் முழங்காலில் பதிந்திருந்தன. கை எப்போது விலகியது என்று தெரியவில்லை.

வெளியே வெயில்.

இந்த ஒரு மணி நேரத்திலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஏழு வாரம் மாலை வகுப்புக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திடப்படுத்தல் ஆராதனை. அன்றுதான் சபையின் முழு உறுப்பினராவாள். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் பிழையில்லாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஜெபிக்கும்போது, கேட்பதற்கு எதிரில் யாரோ இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை. புதன்கிழமை அதைப் போதகரிடமே சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. சங்கிலி ஜெபத்தில் ஒரு மணி நேரம் இருந்து பார், அதற்கப்புறமும் அப்படித்தான் என்றால் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார்.

போதகர் வீடு கோயிலுக்குப் பின்னால்தான்.

எடுத்துவிடுங்கள், ஐயா.

இரண்டே சொல். மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். நாலடி நடந்திருப்பாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு பெர்சியாள் அக்கா ஓடிவந்தாள். நான்கிலிருந்து ஐந்துவரை அவளுடைய முறை.

"ஏளா, பஸ்ஸு வரவே இல்ல. பாதி வழி நடந்துல்லா வாரேன். ஆமா, நீ என்ன வெளிய நிக்க? ஒரு மணி நேரம் முட்டு தாங்கலையோ ஒனக்கு?"

"ஆள் வந்துட்டுக்கா. தொட்டாங்க."

"எந்த ஆளு? நாலு மணிக்கு நாந்தான."

அக்கா முன்வாசல் வழியாக உள்ளே விரைந்தாள். வெளியே நின்ற இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

ஒரு பாய். சுவரில் சிலுவை. கடிகாரத்தில் நான்கு பத்து.

"சங்கிலி அத்துப்போச்சே" என்றாள் அக்கா, யாரிடம் என்றில்லாமல். பிறகு அவசரமாக மண்டியிட்டாள்.

துப்பட்டா நழுவியிருக்கும். இல்லை, அது இடுப்பில் முடிந்தபடி இருந்தது. மின்விசிறிக் காற்றா? மின்விசிறி ஓடவே இல்லை. தூங்கியிருப்போமோ. இந்த முட்டுவலியில் யாருக்குத் தூக்கம் வரும்.

வேறு யாராவது பின்னால் வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் இடது கையை வலது தோளில் வைத்துப் பார்த்தாள். நான்கு விரல்களும் முதுகுப் பக்கம் விழுந்தன. கட்டைவிரல் முன்னால், காறை எலும்பின் மேல்.

இப்படித்தான் இருந்தது.

பின்னால் நிற்பவர் தொட்டால் கட்டைவிரல் முதுகில் படும். விரல்கள்தான் முன்னால் விழும்.

இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை. தொட்டவர் முன்னால் நின்றிருக்கிறார்.

முன்னால் சுவர். அவள் குனிந்தால் நெற்றி உரசும் சுவர்.

தோளிலிருந்து கையை எடுத்தாள்.

கேட் திறந்துதான் கிடந்தது. போய்விடலாம். போதகர் வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தாள். அந்த இரண்டு சொற்களைத் தேடினாள். கிடைக்கவில்லை.

ஏழு வாரத்தில் அந்த அறைக்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே அக்கா கண்ணை மூடியிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. உள்ளே வந்தவள் மூலையில் சுருட்டி வைத்திருந்த இன்னொரு பாயை எடுத்துச் சத்தமில்லாமல் விரித்தாள். வழக்கம்போலச் சுவரை ஒட்டி.

மண்டியிடப் போனவள் நின்றாள்.

பாயின் நுனியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

ஒருவர் நிற்கும் அளவுக்கு.