மேல் கமா

காலையிலிருந்து அதே பெண்தான் திரும்பத் திரும்பப் போன் செய்தாள்.

"தம்பி, என் பேரை அடிச்சா உங்க வெப்சைட் என்னை வெளியே தள்ளுது."

கென்யாவின் கிசுமு நகரில், ஏரிக்கரையில் இருந்த நர்சிங் கல்லூரிக்கு, போன வருஷம் வெப்சைட் எழுதிக் கொடுத்தவன் ஒடேரா. விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. பெயரைக் கேட்டான். ஜெரூஷா அகோஙோ. ஆங்கிலத்தில் Akong'o என்று எழுதினால் நடுவே ஒரு மேல் கமா வரும்.

"அந்தக் கமாவை எடுத்துட்டு அடிங்க அக்கா."

"எடுத்தா அகோங்கோ ஆயிடும். அது வேற யாரோ. அடையாள அட்டையில இருக்கிற பேரு இல்லைன்னு அப்புறம் நீங்களே திருப்பி அனுப்புவீங்க."

கல்லூரி முதல்வர் அபுயா அம்மாள் சலித்துக்கொண்டார். ஒருத்திக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா, கமா போடக்கூடாது என்று படிவத்தில் ஒரு வரி எழுதிவிடு என்றார்.

ஒடேராவும் எழுதத்தான் உட்கார்ந்தான். சும்மா அவள் பெயரை ஒருமுறை அடித்துப் பார்த்தான். வந்த பிழைச் செய்தியைப் படித்ததும், தான் எழுதிய நிரலைத் திறந்தான்.

படிவத்தில் வருவதையெல்லாம் டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையோடு அப்படியே ஒட்டி அனுப்பும்படி எழுதியிருந்தான். கமா வந்ததும் பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அது கட்டளையாகப் படிக்கிறது. அந்த மிச்சத்தில் 'எல்லாவற்றையும் அழி' என்று ஒருவன் எழுதினால்?

மதியத்துக்கு வந்த உகாலிக் களியும் மீனும் தட்டிலேயே ஆறின. கட்டளை தனி, பெயர் தனி என்று பிரித்து அனுப்ப வைத்தான். இனி யார் எதை அடித்தாலும் அது வெறும் எழுத்துதான்.

நாலு மணிக்கு எவனோ ஒரு விஷமி, பெயர் கட்டத்தில் கமா போட்டு அழிக்கும் கட்டளையையே அடித்திருந்தான். அது பல் பிடுங்கிய பாம்பாகப் பட்டியலில் சுருண்டு கிடந்தது. ஒரு விண்ணப்பம்கூட அழியவில்லை.

அபுயா அம்மாள் கை தட்டினார். "அந்த நச்சரிப்புக்காரி நல்லா இருக்கட்டும். முதல் நேர்காணல் அவளுக்குத்தான்."

ஒடேரா பட்டியலில் தேடினான். ஓஙாயோ, நியாகோஙோ, நியாஙாவு என்று கமாவோடு வரிசையாக வந்திருந்தார்கள். அகோஙோவைத்தான் காணோம். பதறிப்போய்ப் போன் செய்தான்.

"அக்கா, சரி பண்ணிட்டேன். அஞ்சு ஆகப் போகுது, சீக்கிரம் அடிங்க."

அவள் சிரித்தாள்.

"போன வருஷம் உங்க வெப்சைட் வெளியே தள்ளினதோட எனக்கு வயசு வரம்பு தாண்டிடுச்சு தம்பி. பேர்ல கமா இருக்கிற மத்த பொண்ணுங்கல்லாம் உள்ளே வந்துட்டாங்களா, அதைச் சொல்லு."