கடைசியாகப் பட்ட கை

“அந்தப் பச்சை ஜெர்சிப் புள்ளையோட விரல் பந்துல பட்டுச்சு சார்! என் கண்ணால பாத்தேன்!”

நேமத்தான்பட்டிப் பள்ளிப் பெண்கள் அணியின் கோச் செம்மலை, கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். காரைக்குடியில் கூடைப்பந்து இறுதிப்போட்டி. அவர் அணி ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன.

எதிரணிப் பக்கம் பந்தைக் கொண்டுபோன அவர் அணியின் மாரீஸ்வரி, ஒரு பாஸ் போட்டாள். அது பச்சை ஜெர்சிகளுக்கு நடுவே புகுந்து, திரும்பி நடுக்கோட்டைத் தாண்டி உருண்டது. அவளே ஓடிப்போய் எடுத்தாள். விசில்!

முன்னே கொண்டுபோன பந்தைத் தன் பாதிக்குத் திரும்பவிட்டுத் தொட்டால் பேக்கோர்ட். பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆனால் எதிரணியின் கை கடைசியாகப் பட்டு வந்திருந்தால் தப்பில்லை, எடுத்து ஆடலாம்.

நடுவர் கார்த்திகேய சிவம் அருகில் வந்தார். “எனக்குக் குறுக்கே ஆளு மறைச்சிருச்சு கோச். நீங்க இம்புட்டு உறுதியாச் சொல்றீக. அந்தப் புள்ளையவே கேட்டுருவோம். பட்டுச்சுன்னா மாத்திர்றேன்.”

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். “பந்து உன் கையில பட்டுச்சாம்மா?”

அவள் செம்மலையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“படலை சார்.”

செம்மலை வாயைத் திறந்தார். அவள் காதைப் பிடித்திருந்த கையையே பார்த்தவர், பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“விட்டுராதீக சார்! சொல்லுங்க சார்!” அவருடைய பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவர் நிமிரவேயில்லை. ஆட்டம் முடிந்துபோனது.

மாரீஸ்வரி அழுதுகொண்டே வந்தாள். “நான் எடுத்தது தப்பா சார்?”

“இல்ல தாயி. நீ சரியாத்தான் எடுத்தே.”

“அப்புறம் ஏன் சார் பேசாம உக்காந்துட்டீக?”

அவள் தலையைத் தொடப்போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு பைக்கை எடுக்கப் போனார். பக்கத்திலேயே அந்தப் பச்சை ஜெர்சிக்காரி நின்றிருந்தாள். மெடலைக் கழுத்தில் போடாமல் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

“அப்பா... அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக.”