கழற்றிவைத்த எஞ்சின்

வாரத்துக்கு இருமுறை மனைவி ஜெமீலாவை இரத்தச் சுத்திகரிப்புக்காக ஆலங்குடாவிலிருந்து புத்தளத்துக்கு ஏற்றிச் செல்லவேண்டியிருந்ததால், முத்தலிபு தம் பழைய மொறிஸ் மைனர் காருக்குள் ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். கார் நடுவழியில் நின்றால் அவள் உயிருக்கு உத்தரவாதமில்லை. கழற்றிய எஞ்சின் முற்றத்துத் தென்னையடியில், இரண்டு கட்டைகளின் மேல் கிடந்தது.

வியாழக்கிழமை அவர்கள் புத்தளம் போய்த் திரும்பியபோது, பழைய இரும்பு வாங்கும் ரிஃபாஸ் குடையுடன் காத்திருந்தான். தென்னையடி எஞ்சினைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான்.

"என்ன நாநா, இப்பதான் நிப்பாட்டினீங்களா? கை பொசுங்கிட்டு!"

"வெயில்ல கிடந்த இரும்புதானே," என்றார் முத்தலிபு, ஜெமீலாவைக் காரிலிருந்து இறக்கியபடியே.

"வெயிலா? விடியத்தொட்டு மழை, நாநா!"

மழைத்துளிகள் எஞ்சின்மேல் விழுந்த கணமே ஆவியாகிக்கொண்டிருந்தன. முத்தலிபு காரின் மூடியைத் திறந்து, முப்பது கிலோமீற்றருக்கும் மேல் ஓடிவந்த புதிய எஞ்சினின்மேல் உள்ளங்கையை வைத்தார். அது கிணற்றுநீர் போலக் குளிர்ந்திருந்தது.

"இத விக்கிறதுக்கில்ல, தம்பி. நீங்க போயிட்டு வாங்க," என்றார்.

திங்கட்கிழமை காலை ஜெமீலா காரில் ஏறி அமர்ந்துவிட்டாள். முத்தலிபு தென்னையடியில் குனிந்து, பழைய எஞ்சினின் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் குறைந்திருந்தது. புது எண்ணெய்ப் போத்தலைத் திறந்து நிதானமாக ஊற்றினார்.

"இஞ்சாருங்கோ, உசிரில்லாம மௌத்தான எஞ்சினுக்கு எதுக்கு எண்ணெய்?"

அவர் பிஸ்மி சொல்லி மூடியை இறுக்கினார்.

"தூரம் போகணும்தானே," என்றார்.