ஈரத்துணிக்குக் கீழே

பேக்கரித் தொட்டியில் பொங்கிக்கொண்டிருந்த பன் மாவு, அடுப்பிடம் பீற்றிக்கொண்டது: "புருஷனும் பொண்டாட்டியும் அரைமணிக்கு ஒரு தரம் வந்து, ஈரத்துணியை விலக்கி என்னைப் பார்த்துட்டுப் போறாங்க. காத்துப் படக்கூடாதுன்னு ஜன்னலைக்கூடச் சாத்திட்டாங்க. பெத்த பொண்ணுக்கு இந்தக் கவனிப்பு உண்டா?"

"ஏன் இல்லாம?" என்றது அடுப்பு நக்கலாக. "காலையில அது தும்முச்சு. 'மாவுல படப்போகுது, தள்ளிப் போடி'ன்னு உடனே கவனிச்சாங்களே!"

மூலையில் மைதா மூட்டைமேல் தனியாக உட்கார்ந்திருந்த அந்த நாலு வயதுப் பெண் இறங்கி வந்தாள். தொட்டிக்குள் ஏறி மாவுக்குப் பக்கத்தில் படுத்தாள். ஈரத்துணியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

அரைமணி கழித்து அப்பாவும் அம்மாவும் வந்து துணியை விலக்கினார்கள்.

"ஐயோ, மாவு போச்சே!"