டைப்ரைட்டர் இல்லையாம்!

"இன்னாப்பா இது? லெட்டர் அடிக்கச் சொன்னா, 'நாட் எ டைப்ரைட்டர்'னு சொல்லுது!" தாம்பரம் கம்பெனியின் மேனேஜர் குப்புராஜ் புது கம்ப்யூட்டரின் திரையைத் தட்டினார். "பன்னெண்டு மணிக்கு முதலாளி வந்துடுவாரு."

"என் தப்புதான் சார்," என்றான் ப்ரோக்ராம் எழுதிய கிபாயத்துல்லா. "ஏதோ ஒரு ஃபைலைத் திறக்க முடியல. ஏன்னு காரணத்தை எடுத்து வைக்காம, நடுவுல ப்ரோக்ராமை வேற ஒரு வேலை செய்ய வச்சுட்டேன். நிஜக் காரணம் அழிஞ்சு, சம்பந்தமில்லாத மெசேஜ் வருது. அஞ்சே நிமிஷம், சரியான காரணத்தைச் சொல்ல வச்சுடறேன்."

"பாவம், விடுங்க தம்பி. மெஷின் ஒத்துக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" டைப்பிஸ்ட் காந்திமதி தன் டைப்ரைட்டரில் தாளைச் செருகுவதும் உருவுவதுமாக இருந்தார்.

அவன் இரண்டு வரிகளைத் திருத்தி மறுபடி ஓட்டினான். திரை இப்போது தெளிவாகச் சொன்னது: 'கடித மாதிரிகள்: அப்படி ஒரு ஃபைல் இல்லை.'

நேற்று மாலை அந்த ஃபைல் இருந்தது. அழிக்க பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவனும், அவன் சொல்லிக்கொடுத்த காந்திமதியும்.

நிமிர்ந்து பார்த்தான். காந்திமதியின் கை தாளோடு அப்படியே நின்றிருந்தது.

குப்புராஜ் அவன் காதருகே குனிந்தார். "சீக்கிரம்ப்பா! இது ஓடினா அடுத்த மாசத்துலேர்ந்து டைப்பிஸ்ட் வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு. இன்னா காரணமாம்?"

கிபாயத்துல்லா திரையில் இருந்த மெசேஜை அழித்தான். நிஜக் காரணம் இரண்டாம் முறையாக அழிந்தது. இந்தத் தடவை, தெரிந்தே.

"காந்திமதி அக்கா பக்கத்துல இல்லாம இது ஓடாது சார்."