காதில் விழாத சேதி

"எடுக்காதே," என்றார் ஸ்ரீநிவாசன்.

பாகீரதியின் கை பாதி வழியில் நின்றது. மேஜை மேல் அவருடைய போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. திருவிடைமருதூர் நம்பர்.

"உங்க அண்ணா ஆத்துலேர்ந்துன்னா. நாலு நாளா கூப்பிடறா."

"அதனாலதான் சொல்றேன். மூணு மாசமா படுத்த படுக்கை. இந்த நேரத்துல போன்னா என்ன சேதியா இருக்கும்? காதுல விழுந்துடுத்துன்னா பத்து நாள் தீட்டு. கப்பல் நமக்காக நிக்குமா?"

கப்பல் என்றால் ஏறி இறங்குகிற கப்பல் இல்லை. சிங்கப்பூரில் ஏறினால் இருபத்திரண்டு நாள் தண்ணீரிலேயே குடித்தனம். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக மகள் வித்யாலக்ஷ்மி எடுத்துக் கொடுத்தது. கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நேரமாதலால் கப்பல்காரன் கேட்காத காகிதம் இல்லை. ரெண்டு ஊசிக்கும் பூஸ்டருக்கும் சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ், கிளம்புவதற்கு முன் மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற டெஸ்ட். பதினாலு நாளாக நோயாளி யார் பக்கத்திலும் போகவில்லை என்று கையெழுத்து வேறு.

அதற்காகவே ஸ்ரீநிவாசன் ஒரு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் உள்ளே சேர்த்தார்.

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்னு போன வாரமே சொன்னேன்," என்றாள் பாகீரதி.

"போய்ட்டு வந்து பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"கும்பகோணம் காலேஜுக்கு மூணு வருஷம் உங்களை சைக்கிள்ல வெச்சு மிதிச்சவர்."

"இல்லைன்னு யார் சொன்னா? சேதி தெரியாத வரைக்கும் தீட்டு கிடையாது. சாஸ்திரமே சொல்றது. நானா சொல்றேன்?"

போன் ஓய்ந்தது.

மறுநாள் காலையில் ஒருமுறை அடித்தது. அதற்கப்புறம் அடிக்கவே இல்லை.

"பாத்தியா, அண்ணா தேறிட்டார்," என்றார் ஸ்ரீநிவாசன்.

டெஸ்ட் முடிவும் வந்தது. ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். பரீட்சையில் பாஸானவர் மாதிரி அதை நாலு காப்பி எடுத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் ஒன்றும் கைப்பையில் ஒன்றுமாக வைத்தார்.

கிளம்புகிற காலையில், திருச்சி ஏர்போர்ட் போக டாக்சி வந்தது. டிரைவர் அப்சர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது.

ரெத்தினம். பிள்ளையில்லாத அண்ணாவின் நிலத்தை முப்பது வருஷமாகச் சாகுபடி செய்கிறவர்.

ஸ்ரீநிவாசன் குடுகுடுவென்று ஓடிக் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணாடியை ஏத்துப்பா."

"ஏசி போடட்டுமா சார்?"

"எதையாவது போடு. பாட்டைப் போடு. சத்தமா." மனைவியிடம், "நீ போய் அவனை அங்கேயே நிக்க வெச்சு அனுப்பிடு. ஆத்துச் சேதி எதுவும் வேண்டாம்னு முதல்லயே சொல்லிடு," என்றார்.

பாகீரதி கேட்டுக்குப் போனாள். கண்ணாடி வழியாக ஸ்ரீநிவாசன் பார்த்துக்கொண்டிருந்தார். ரெத்தினம் முகக்கவசம் போட்டிருந்தார். தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு.

"பாத்தியாப்பா. என்னைக் கண்டா துண்டைத் தானா தோளுக்கு இறக்குவான். இப்ப தலையில கட்டிண்டே நிக்கறான். மரியாதையெல்லாம் கொரோனாவோட போயிடுத்து."

"வெயிலுக்குக் கட்டியிருப்பாரு சார்."

"வெயில் எங்கே வந்துது? மணி ஆறுதான் ஆறது."

ஸ்ரீநிவாசன் கைப்பையைத் திறந்து நெகட்டிவ் காகிதம் இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார்.

பாகீரதி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய உப்பு நார்த்தங்காயோடு வந்து ஏறினாள். வண்டி நகர்ந்தது.

"என்னவாம்?"

"கப்பல்ல குமட்டினா இதை வாயில அடக்கிக்கணுமாம். உங்க அண்ணா சொல்லி மன்னி போட்டது."

"அவ்வளவுதானே? வேற ஒண்ணும் சொல்லலையே?"

"அவர் ஒண்ணும் சொல்லலை. சொல்ல மாட்டேன்னுதான் நின்னார்."

பாகீரதி முன்பக்கம் குனிந்து, "அந்தப் பாட்டை நிறுத்துப்பா," என்றாள். பாட்டு நின்றது.

"பாட்டிலைக் கீழே வைக்கக் குனிஞ்சார். துண்டு அவுந்துடுத்து. உள்ளே மொட்டைத் தலை."

ஸ்ரீநிவாசனின் கை காதுக்குப் போயிற்று. அது போய்ச் சேருவதற்குள் அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"முந்தாநாள் சாயங்காலமாம். தாயாதிக்காரா யாரும் கொரோனா பயத்துல வரலை. ரெத்தினம்தான் கொள்ளி வெச்சிருக்கார். உங்களுக்குத் தெரியப்படாதுன்னு தலையை மூடிண்டு வந்திருக்கார். நான் விடாம கேட்டப்புறம்தான் வாயைத் திறந்தார்."

"அப்போ அந்த போன்..."

"அண்ணாவேதான் அடிச்சிருக்கார். உங்க குரலை ஒரு தரம் கேக்கணும்னு. நீங்க எடுக்கலைன்னதும் ரெத்தினத்துக்கிட்ட சத்தியம் வாங்கிண்டாராம்."

"என்ன சத்தியம்?"

பாகீரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"'நான் போய்ட்டா சீனுகிட்ட மட்டும் சொல்லிடாதே. சேதி காதுல விழுந்துதுன்னா, கப்பலாவது ஒண்ணாவதுன்னு போட்டது போட்டபடி ஓடி வந்துடுவான்.'"